லேசர் கண் சிகிச்சையும் போர் விமானி தகுதியும்

ஆவடி விமானப்படை நிலையம் அமைந்துள்ள முத்தாபுதுப்பேட்டையில், விமானியாகும் கனவோடு வளரும் மாணவர் பலருக்கு முதல் தடை மூக்குக்கண்ணாடிதான். பறக்கும் பிரிவுக்கு 6/6 பார்வை வேண்டும். ஒரு கண்ணில் 6/9 இருந்தால், கண்ணாடியால் 6/6 ஆக வேண்டும். கிட்டப்பார்வைக்கு இடமில்லை.

கண்ணாடியின் தேவையை நீக்கச் செய்யப்படும் லேசிக் என்ற லேசர் சிகிச்சையில் கருவிழியின் மேற்பரப்பில் மெல்லிய மடலைச் சீவித் தூக்கி, அடியிலுள்ள திசுவை லேசரால் செதுக்கி, மடலை மீண்டும் மூடுவார்கள். தையல் கிடையாது. அந்த மடல் விலகிவிடுமோ என்ற அச்சமே படைகளை நெடுங்காலம் தயங்க வைத்தது. மடலே இல்லாத பி.ஆர்.கே. முறை முன்னதாக ஏற்கப்பட்டது. அமெரிக்க விமானப்படை விமானிகளுக்கு லேசிக்கை 2007இல் அனுமதித்தது.

இந்திய விமானப்படை விதிகளில் சில: 20 வயதுக்கு முன் சிகிச்சை செய்திருக்கக் கூடாது, செய்து 12 மாதம் கடந்திருக்க வேண்டும், முன்பிருந்த குறைபாடு 6 டயாப்டருக்கு மிகக் கூடாது, கருவிழியின் மையத் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. கத்தியால் ஆரக்கீறலிடும் பழைய முறைக்கு உட்பட்டவர்கள் தகுதியற்றவர்கள். பள்ளி முடித்து தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.) தேர்வு எழுதுவோருக்கு இருபது வயதே ஆகியிருக்காது. அவசரப்பட்டுச் சிகிச்சை செய்துகொள்வது அவர்களுக்கு இழப்பையே தரும்.