எரிக் லிடெலின் இரண்டு ஞாயிறுகள்

1850களில் இங்கிலாந்தின் போதகர்கள், எழுத்தாளர்கள் சிலரை ஒரு கவலை பிடித்தது. பக்தி ஆண்பிள்ளைகளை மெலிந்தவர்களாக்குகிறது, ஜெபமும் கண்ணீருமாகத் திருச்சபை தொய்ந்து கிடக்கிறது என்ற கவலை. ஆங்கிலிக்கன் குருவானவர் சார்லஸ் கிங்ஸ்லியும், வழக்கறிஞரான தாமஸ் ஹியூஸும் அதற்குத் தங்கள் நாவல்களில் மருந்து தேடினார்கள். உடல் கடவுள் தந்தது. அதை உரமாக்கி எளியவரைக் காக்கப் பயன்படுத்துவதும் வழிபாடுதான் என்பது அவர்கள் கட்சி. 1857இல் ஹியூஸின் ‘டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்’ வெளிவந்தது. அதே ஆண்டில் கிங்ஸ்லியின் நாவலை விமர்சித்த ஒருவர் இந்தப் போக்குக்கு ‘தசைவலுக் கிறிஸ்தவம்’ என்று பெயர் வைத்தார். கிங்ஸ்லிக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. ஆனாலும் அதுதான் நிலைத்தது.

லண்டனில் ஜவுளிக்கடை ஊழியர் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1844இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ., ஜெபத்துக்கும் வேதபாடத்துக்கும் கூடிய சிறு கூட்டம். இந்தப் போக்கின் தாக்கத்தில் சில பத்தாண்டுகளில் அது உடற்பயிற்சிக் கூடங்களைக் கட்டும் இயக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அதன் பயிற்சிப் பள்ளியில்தான் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளி, இன்று நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக நிற்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளுக்கு விளையாட்டு ஆசிரியர்களைத் தந்த மரபின் வேர் இது.

தசைவலுக் கிறிஸ்தவம் நல்லதைச் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வலிமையைப் புகழத் தொடங்கியவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஆடுகளத்தில் வளர்த்த திடம் அயல்நாடுகளை ஆளப் புறப்பட்ட இளைஞர்களுக்குத் தகுதிச் சான்றாயிற்று. 1914இல் போருக்கு ஆள் சேர்க்கவும் உதவியது. சீடர்களின் கால்களைக் கழுவியவரை வணங்குகிறவர்கள், அடுத்தவரை அடக்குவதை ஆண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். ஹியூஸே இந்த ஆபத்தைக் கண்டிருந்தார். 1879இல் கிறிஸ்துவின் ஆண்மையைப் பற்றி அவர் எழுதிய நூல், உடல் வலுவை ஆண்மைக்கு அளவுகோலாக வைக்க மறுத்தது. அவர் தேடிய அளவுகோலுக்கு ஏற்ற மனிதர் அந்த நூலுக்கு 23 ஆண்டுகள் கழித்துத்தான் பிறந்தார்.

எரிக் லிடெல் 1902 ஜனவரி 16 அன்று சீனத்தின் தியான்ஜினில் ஸ்காட்லாந்து மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடினார். 1923 ஜூலையில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் 440 கஜ ஓட்டம். புறப்பட்ட சில அடிகளிலேயே இன்னொருவர் இடித்ததில் லிடெல் கீழே விழுந்தார். எழுந்து பார்த்தால் மற்றவர்கள் சுமார் 20 கஜம் முன்னால் போய்விட்டார்கள். துரத்திப் பிடித்து ஜெயித்தார். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சரிந்தார்.

மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக். லிடெலின் பிரதான ஓட்டம் 100 மீட்டர். அதன் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் ஓடுவதில்லை என்று மறுத்துவிட்டார். ஞாயிறன்று வந்த தொடரோட்டங்களையும் விட்டுக்கொடுத்தார். 1981இல் வந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் கப்பலேறும் நேரத்தில்தான் அவருக்கு அட்டவணை தெரியவரும். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். எனக்கு இந்த உண்மைதான் பெரிதாகப் படுகிறது. ஒரு நொடி ஆவேசத்தில் வந்த முடிவல்ல அது. நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற ஏச்சைச் சுமந்துகொண்டு, 400 மீட்டருக்கு மாதக்கணக்கில் தன்னைப் பழக்கியவரின் முடிவு. 200 மீட்டரில் வெண்கலம் கிடைத்தது. ஜூலை 11 அன்று 400 மீட்டர் இறுதிச் சுற்றில் அவருக்கு விழுந்தது வெளி ஓரத் தடம். போட்டியாளர் எவரையும் பார்த்து ஓட முடியாத இடம். 47.6 வினாடிகளில் தங்கம் வென்றார்.

பெரும்பாலோர் அறிந்த கதை இங்கே முடிந்துவிடுகிறது: அசையாத உறுதி, அதற்குப் பலனாகத் தங்கம். பிரசங்கங்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் சொல்லச் சொல்ல இனிக்கிற கதைதான். ஆனால் லிடெலை இந்தக் கட்டுரைக்குள் கொண்டுவந்தது இன்னொரு ஞாயிறு.

புகழின் உச்சத்தில் இருந்தவர் 1925இல் சீனத்துக்குப் போய், தியான்ஜினில் ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் ஆசிரியரானார். பிறகு ஜப்பானியரோடு போர் நடந்துகொண்டிருந்த கிராமப் பகுதியில் ஊழியம். 1941இல், கருவுற்றிருந்த மனைவி ஃபுளோரன்ஸையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கினார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1943 மார்ச்சில் ஜப்பானியர் அவரை ஷான்டோங் மாகாணத்து வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். பழைய மிஷன் வளாகம் ஒன்றில் 1,500 பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்களில் பெற்றோரைப் பிரிந்துவந்த பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கே அறிவியல் பாடம் நடத்துவதும், முதியவர்களுக்குத் தண்ணீர் தூக்குவதும், உடைந்த ஹாக்கி மட்டைகளைப் படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டுவதும் ஒலிம்பிக் வீரரின் அன்றாட வேலை. மற்றவர்கள் ஒதுக்கிவைத்த பாலியல் தொழிலாளியான ஒரு ரஷ்யப் பெண்ணுக்கு அறையில் பலகை அடித்துக் கொடுத்தார். பதிலுக்கு எதையும் கேட்காமல் தனக்கு உதவிய ஒரே ஆண் அவர்தான் என்று அந்தப் பெண் பிறகு சொன்னாராம். ஆண்மையைப் பற்றிக் கிங்ஸ்லி காலம் எழுதிக் குவித்த பக்கங்களில் இதற்கு இணையான சாட்சியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முகாமிலும் ஞாயிறன்று விளையாட்டு நடத்த லிடெல் மறுத்தார். சலித்துப்போன வளரிளம் பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு களத்தில் ஒரு நடுவர் நின்றார். அது எரிக் லிடெல்.

தங்கப் பதக்கத்துக்காகவும் நாட்டின் கௌரவத்துக்காகவும் தளர்த்தாத நெறியை, கம்பிவேலிக்குள் தவித்த சில பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். கொள்கையை மறந்து செய்ததல்ல இது. ஓய்வுநாளைத் தன் பேருக்காகக் காத்துவந்திருந்தால், தன் உறுதிக்கு உலகம் தந்த புகழை அவரால் கைவிட்டிருக்க முடியாது. பாரிஸில் மறுப்பதற்குத் துணிவு போதுமானதாக இருந்தது. வெய்சியனில் இறங்கிவரத் துணிவோடு மனத்தாழ்மையும் வேண்டியிருந்தது. இரண்டில் பெரியது எது என்றால், தயங்காமல் வெய்சியனையே சொல்வேன்.

மூளைக் கட்டியால் 1945 பிப்ரவரி 21 அன்று லிடெல் இறந்தார். வயது 43. ஆகஸ்ட் 17 அன்று முகாம் விடுதலையானது. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், காலணி தேய்ந்துபோயிருந்த ஸ்டீவன் மெட்காஃப் என்ற பையனுக்குத் தன் பழைய ஓட்டக் காலணிகளைக் கொடுத்திருந்தார். பகைவருக்காக ஜெபிக்கும்படி, அதாவது தங்களைச் சிறைவைத்த ஜப்பானியருக்காக ஜெபிக்கும்படி, அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். போர் முடிந்து சில ஆண்டுகளில் மெட்காஃப் ஜப்பானுக்கே மிஷனரியாகப் போய், பல பத்தாண்டுகள் அங்கே ஊழியம் செய்தார்.