ஒருநாள் காஞ்சி சேவை: எண்ணிக்கையும் ஈடுபாடும்

முத்தி தரும் ஏழு நகரங்களுள் தென்னாட்டுக்கு உரியது காஞ்சி ஒன்றே. அந்நகரத்தில் மட்டும் பதினான்கு திவ்யதேசங்கள் உள்ளன. வெளியூரிலிருந்து ஒருநாள் அவகாசத்தோடு வரும் அன்பர்கள் பெரும்பாலும் அப்பதினான்கின் பட்டியலைக் கையில் கொண்டே வருகிறார்கள். விடியலில் தொடங்கி, நண்பகலில் நடை சாத்துமுன் பாதியையும், மாலையில் மீதியையும் முடித்து, இரவில் ஊர் திரும்புகிறார்கள். எந்த ஸந்நிதியில் எந்த ஆழ்வார் எதைக் கண்டு பாடினார் என்று மறுநாள் கேட்டால் விடை வருவதில்லை. எண்ணிக்கை நிறைந்தது, ஆனால் சேவை நிறைந்ததா என்பதே வினா. பதினான்கையும் சேவிக்காமல் திரும்புவது குறையாகுமா என்று கேட்கும் அன்பர்களுக்கு அருளிச்செயலின் வழியிலேயே விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

திருமங்கையாழ்வார் காஞ்சியை இரண்டு விதமாக அநுபவித்திருக்கிறார். திருநெடுந்தாண்டகத்தின் எட்டாம் பாசுரத்தில் நீரகம், நிலாத்திங்கள் துண்டம், ஊரகம், வெஃகா, காரகம், கார்வானம், கள்வனூர் என்னும் ஏழு காஞ்சித் தலங்களை ஒரே மூச்சில் விளிக்கிறார். பவளவண்ணனை அடுத்த பாசுரத்தில் அழைக்கிறார். ஆனால் பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தில் எட்டாம் திருமொழியை முழுவதும் அட்டபுயகரத்துக்கும், ஒன்பதாம் திருமொழியை முழுவதும் பரமேச்சுர விண்ணகரத்துக்கும் அளித்திருக்கிறார். சில இடங்களில் நின்று பத்துப் பத்தாகப் பாடுவதும், சில இடங்களைப் பெயர் சொல்லி அழைத்துக் கடந்து செல்வதும் ஆகிய இரண்டும் ஆழ்வார் காட்டிய நெறிகளே. குறுகிய காலம் உடையவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டி வேண்டியதில்லை. ஆகவே நகரத்தின் வைணவம் வளர்ந்த வரிசையில் ஐந்து இடங்களில் நின்று சேவிக்கும் முறையொன்றைக் கீழே கூறுகிறேன்.

காலையில் முதலில் செல்ல வேண்டியது திருவெஃகா. காஞ்சிக்கு வருபவருக்குத் தமிழில் எழுந்த மிகப் பழைய வழிகாட்டி பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வழி கூறுகிறார். பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமானை வெஃகாவில் வணங்கி, யாழை இசைத்து, அதன்பின் நகருக்குள் செல்லுமாறு பணிக்கிறார். அந்நூல் பாணனுக்குச் சொன்ன வரிசையே இன்று வருபவருக்கும் தக்கது. முதலாழ்வார்களுள் முதல்வரான பொய்கையாழ்வார் அவதரித்த பொய்கையும் இங்கேதான் உள்ளது. பொய்கையார், பேயார், திருமழிசையார், நம்மாழ்வார், திருமங்கையார் ஆகியோர் இத்தலத்தைப் பாடியுள்ளனர்.

இங்குள்ள பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று திருநாமம், வடமொழியில் யதோக்தகாரி. கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தியபோது திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டார். ஆழ்வார் சொற்படி பெருமாளும் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை என வழங்குகிறது. மன்னன் மன்னிப்பு வேண்டிய பின் திரும்பிவந்து பள்ளிகொண்டதால், மற்றைச் சயனத் திருக்கோலங்களுக்கு மாறாக இங்கே திருமேனி அமைந்திருப்பதாகப் பெரியோர் கூறுவர். வரலாற்றை அறியாமல் சேவிப்பவருக்கு இது ஒரு சயனக் கோலம் மட்டுமே. அறிந்து சேவிப்பவருக்கு அடியவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவனின் கோலம்.

அடுத்து அருகிலுள்ள அட்டபுயகரம். எட்டுத் திருக்கரங்களோடு நிற்கும் இப்பெருமானைக் கண்டு பரகால நாயகி, இவர் யாரோ என்று பாசுரந்தோறும் வியக்கிறாள். தாம் அட்டபுயகரத்தேன் என்று அவரே விடை சொல்கிறார். ஊரும் பேரும் ஒன்றாகிவிட்ட இவ்விடத்தில் அத்திருமொழியை ஒருமுறை அநுஸந்தித்துவிட்டுத் திருமேனியைச் சேவிக்க வேண்டும். அந்த வினாவின் பொருள் அப்போது விளங்கும். இத்திருமொழியின் நிறைவுப் பாசுரத்தில் வயிரமேகன் என்ற அரசன் பெயர் வருகிறது. அவன் யார் என்பதில் வரலாற்றறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனினும் ஆழ்வார் காலத்தை ஆராய்வோர் அனைவரும் நின்று பார்க்கும் சொல் அது.

நடை சாத்துமுன் பெரிய காஞ்சிபுரத்திலுள்ள பரமேச்சுர விண்ணகரத்தை அடைந்துவிட வேண்டும். வைகுந்தப் பெருமாள் கோயில் என இன்று வழங்கும் இதைக் கட்டியவன் இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன். இருந்த, கிடந்த, நின்ற திருக்கோலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளங்களில் அமைந்த விமானம் இது. மேல்தளங்கள் எந்நாளும் திறந்திருப்பதில்லை. வருபவர்கள் கீழ்த்தளத்தில் வீற்றிருந்த திருக்கோலத்தைச் சேவித்துச் சில நிமிடங்களில் வெளியேறிவிடுகிறார்கள். இக்கோயிலின் அரும்பொருளோ கருவறையைச் சுற்றியுள்ள திருச்சுற்று மாளிகையில், சிங்கத்தூண்களுக்குப் பின்னுள்ள சுவரில் இருக்கிறது.

பல்லவர் வரலாறு முழுவதும் அச்சுவரில் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நான்முகன் தொடங்கி அசுவத்தாமன், பல்லவன் என வழிவழியாக வரும் மன்னர்களும், அவர்களின் முடிசூட்டும் போர்களும் அங்கே காணக் கிடைக்கின்றன. இரண்டாம் பரமேசுவரவர்மன் மறைந்தபின் வாரிசின்றி நாடு தவித்தது. பெரியோர்கள் கிளைமரபினனான இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனைத் தருமாறு வேண்டினர். மூத்த மக்கள் மூவரும் மறுத்தனர். பன்னிரண்டு வயதுடைய நான்காம் மகன் இசைந்தான். 731 அளவில் அரியணை ஏறிய அச்சிறுவனே நந்திவர்மன். இந்நிகழ்ச்சிகளைச் சிற்பங்களின் அருகே பொறித்த தமிழ் எழுத்துகளும் கூறுகின்றன. சி. மீனாட்சி இச்சிற்பங்களை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1941-இல் வெளியிட்டது.

இச்சுவரைப் பார்த்த கண்ணோடு ஒன்பதாம் திருமொழியைப் படித்தால் ஓர் ஐயம் எழும். மானிடரைப் பாடேன் என்ற மரபில் வந்த ஆழ்வார், ஓர் அரசன் தென்னவனை வென்றதையும் நென்மெலிப் போரையும் பாசுரத்தில் வைத்தது எதனால்? விடை பாசுரந்தோறும் திரும்பிவரும் தொடரிலேயே உள்ளது. பல்லவர்கோன் பணிந்த இடம் என்றே ஒவ்வொரு பாசுரமும் தலத்தை அடையாளம் காட்டுகிறது. வென்றதனால் அவன் பாடல் பெறவில்லை. வென்ற தலை வணங்கியதனால் பெற்றான். சுவரில் அவன் முடிசூடுகிறான், பாசுரத்தில் அம்முடி தாழ்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே பணிந்த என்னும் சொல்லின் கனம் புலப்படும். வியாக்கியானம் கற்போர் இவ்விடத்தில் ஒரு நாழிகையாவது நிற்க வேண்டும். மணற்கல்லாதலால் சிற்பங்கள் ஆண்டுதோறும் தேய்ந்து வருகின்றன. அவற்றில் சாயாமலும் கை வைக்காமலும் இருப்பதும் கைங்கர்யமே.

மாலையில் நடை திறந்ததும் தூப்புல். விளக்கொளிப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருத்தண்கா இதுவே. 1268-இல் வேதாந்ததேசிகன் அவதரித்த இடமும் இதுவே. காஞ்சித் தலங்களுக்கு ஸ்தோத்திரங்களாலேயே ஒரு யாத்திரை அமைத்துத் தந்தவர் அவர். விளக்கொளிப் பெருமாளுக்குச் சரணாகதி தீபிகை, வெஃகாவுக்கு வேகாஸேது ஸ்தோத்திரம், அட்டபுயகரத்துக்கு அஷ்டபுஜாஷ்டகம், வேளுக்கைக்குக் காமாஸிகாஷ்டகம், அத்திகிரிக்கு வரதராஜ பஞ்சாசத் என அவை அமைந்துள்ளன. காலையில் சேவித்த தலங்களை இங்கே அமர்ந்து ஒரு சுலோகத்தால் மீண்டும் நினைப்பது எளிது.

நிறைவாக அத்திகிரி. இரண்டாம் திருவந்தாதியில் பூதத்தாழ்வார் அத்தியூரான் எனப் பாடிய பேரருளாளன் இவன். ஸந்நிதிக்கு ஏறும் இருபத்துநான்கு படிகளைக் காயத்ரியின் அக்ஷரங்களாக எண்ணுவது வழக்கம். கரியமாணிக்கப் பெருமாள் ஸந்நிதியருகே ஆளவந்தார் இளையாழ்வாரைக் கண்டு 'ஆ முதல்வன்' என்று கடாக்ஷித்ததும், திருக்கச்சிநம்பிகள் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்து, இராமாநுசரின் ஐயங்களுக்குப் பேரருளாளனின் ஆறு வார்த்தைகளைப் பெற்றுத் தந்ததும் இத்திருக்கோயிலில்தான். கூரத்தாழ்வானின் வரதராஜ ஸ்தவமும் மணவாளமாமுனிகளின் தேவராஜ மங்களமும் இப்பெருமானுக்கே உரியவை.

நூற்றுக்கால் மண்டபத்தையும் கல் சங்கிலியையும் எல்லோரும் பார்க்கிறார்கள். தாயார் ஸந்நிதிப் பக்கம் உள்ள ஒரு கல்வெட்டைப் பார்ப்பவர் சிலரே. படையெடுப்பு அச்சத்தால் 1688-இல் உடையார்பாளையத்துக்கு எழுந்தருளிய உற்ஸவ மூர்த்திகள், ஆத்தான் ஜீயரின் முயற்சியாலும் தோடர்மால் என்பவரின் துணையாலும் 1710-இல் திரும்பி வந்ததை அது கூறுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் பேரருளாளன் இல்லாத காஞ்சி ஒன்று இருந்தது என்பதை அறிந்து படியேறுபவரின் சேவை வேறாகவே இருக்கும். 2019-இல் அத்திவரதரைச் சேவிக்க 48 நாட்கள் வந்த பெருங்கூட்டத்திலும் இக்கல்லின் முன் நின்றவர் அரியர்.

மறுநாள் காலையும் கிடைத்தால் திருப்புட்குழி செல்லலாம். யாதவப்பிரகாசரிடம் இராமாநுசர் பயின்ற இடம் அது. தேசிகனின் பரமார்த்த ஸ்துதியும் அத்தலத்துப் பெருமாள்மீது அருளியதே. திரும்பும் வழியில், பேரருளாளனுக்கு இராமாநுசர் நாள்தோறும் தீர்த்தம் கொணர்ந்த சாலைக்கிணற்றையும் சேவிக்கலாம்.

ஏனைய தலங்கள்? ஊரகத்தின் ஓங்கிய திருமேனியையும், பாடகத்தில் பாண்டவதூதனின் பெரிய திருவுருவையும் சேவிக்க மற்றொரு முறை வருவதே நன்று. அதுவரை திருநெடுந்தாண்டகத்தின் எட்டாம் பாசுரம் துணை. அப்பாசுரத்தில் ஆழ்வார் தலங்களின் வரிசைக்கு இடையிலேயே, நினைப்பவர்களின் உள்ளத்தையும் பெருமான் உறையும் ஓர் இடமாகச் சேர்த்திருக்கிறார்; இறுதியில் தம் நெஞ்சையும் அவ்வாறே கூறுகிறார். கால் நடந்து சேராத திவ்யதேசத்தை நினைவு சென்று சேரும் என்பது இதனால் பெறப்படும். ஆனால் நினைவதற்கு முன் ஓரிடத்திலாவது நின்று கண்டிருக்க வேண்டும். பதினான்கைக் கடந்து போனவரைவிட, ஐந்தில் நின்றவரே காஞ்சியைச் சேவித்தவர்.