‘ரம் அண்ட் கோக்கா கோலா’: மெட்டு யாருடையது என்னும் வழக்கு

ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாடி, 1945 இல் பில்போர்டு பட்டியலில் 10 வாரம் முதலிடத்தில் நின்ற ‘ரம் அண்ட் கோக்கா கோலா’ திரினிடாடிலிருந்து எடுக்கப்பட்டது என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. எடுத்தவர் மோரி ஆம்ஸ்டர்டாம் என்னும் நகைச்சுவைக் கலைஞர். போர்க்கால நிகழ்ச்சிகளுக்காக 1943 இல் அத்தீவுக்குப் போனவர். யாரிடமிருந்து, எதை எடுத்தார் என்பதில்தான் வழக்கறிஞர் லூயிஸ் நைசரின் கூற்றை நாம் கேள்வியின்றி ஏற்றுவருகிறோம்.

1961 இல் வெளிவந்த ‘மை லைஃப் இன் கோர்ட்’ நூலில் நைசர், தாம் வாதி தரப்பில் வாதாடிய இம்மெட்டு வழக்குக்கு நிறைய இடம் தருகிறார். அவர் கூற்று தெளிவானது: மெட்டு லயனல் பெலாஸ்கோ 1906 இல் அமைத்த ‘லானே பாஸே’, சொற்கள் லார்ட் இன்வேடர் என்ற ரூபர்ட் கிராண்ட் 1943 இல் கட்டியவை, இரண்டும் களவாடப்பட்டன. நீதிமன்றங்களும் அவ்வாறே கண்டன. இன்வேடரின் வரிகளைத் திரினிடாடில் சிறு நூலாக அச்சிட்ட முகம்மது கான் 1947 இல் வென்றார். பெலாஸ்கோவின் மெட்டை வெளியிட்ட மாரிஸ் பாரன் தொடுத்த வழக்கு 1949 இல் மேல்முறையீட்டிலும் நின்றது. கான் வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டை விற்றுப் பணம் பார்த்த தரப்பே, மூலப்பாட்டு ஒழுக்கக்கேடானது, ஆகவே அதற்கு உரிமைப் பாதுகாப்பு கூடாது என்று வாதிட்டது. வாதம் எடுபடவில்லை.

நைசரின் கூற்றில் எனக்கு உடன்பாடில்லாத இடம், மெட்டையும் பொருளையும் அவர் இரண்டாகப் பிரிப்பது. வழக்குக்கு அப்பிரிவு தேவைப்பட்டது. இரண்டு வாதிகள், இரண்டு உரிமைகள். திரினிடாடின் கலிப்சோப் பாட்டு மரபு அப்படி இயங்குவதில்லை. அங்கே ஊரறிந்த மெட்டில் அவ்வாண்டின் செய்தியைப் பாடுவது வழக்கம். கேட்பவர் காதில் பழைய பாட்டின் நினைவும் கூடவே ஒலிக்கும். ‘லானே பாஸே’யின் பொருள் என்ன? சென்ற ஆண்டு வரை பெற்றோர் வீட்டில் இருந்த பெண் இன்று தெருவில் நிற்கிறாள் என்பது. இன்வேடரின் பல்லவியில் தாயும் மகளுமாக அமெரிக்கரின் டாலருக்கு உழைக்கிறார்கள். இம்மெட்டு இப்பொருளுக்கு வந்து வாய்த்தது தற்செயல் என்று கொள்வது கடினம். இன்வேடர் மெட்டோடு கருவையும் சேர்த்தே எடுத்தாண்டார் என்பது என் துணிபு. இதற்கு நேர்ச்சான்று இல்லை; பொருளொப்புமையே சான்று.

இன்வேடரின் பாடத்தில் ஒரு சரணம் தனியே நிறுத்திப் பார்க்கத்தக்கது. ஒரு பிற்பகலில் திருமணமான தம்பதி தேனிலவுக்கு மியாமி போவதாக இருக்கிறார்கள். மணப்பெண் ஒரு சிப்பாயோடு ஓடிவிடுகிறாள். கணவனுக்குப் பித்துப் பிடிக்கிறது. பாடுபவன் அவனுக்காக இரங்கவில்லை, முட்டாள் என்றே திட்டுகிறான். 1941 முதல் சாகுவராமாஸ் கடற்படைத் தளமும் வாலர் விமானத் தளமும் எழும்பி, டாலர் புழங்கிய தீவில், உள்ளூர் ஆணின் கையாலாகாமையை அவனே எள்ளிக்கொள்ளும் குரல் இது. பல்லவியில் வரும் பாயின்ட் குமானா அந்தக் கடற்படைத் தளத்துக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பாடத்தில் இச்சரணம் இல்லை. திரினிடாடுக்குப் போனால் எப்படியெல்லாம் மகிழலாம் என்று அழைக்கும் அடிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கணவன் போனபின் பல்லவியில் புகார் சொல்ல ஆளில்லை. தாயும் மகளும் மட்டும் எஞ்ச, அது ஆடுவதற்கேற்ற கொண்டாட்டமாகிவிட்டது. அமெரிக்க வானொலிகள் பாட்டுக்குத் தடைபோட்டபோதும் மதுவின் பெயரும் ஒரு குளிர்பானத்துக்குக் கிடைத்த இலவச விளம்பரமுமே பேசப்பட்டன.

இனி 1906. நைசர் இவ்வாண்டை ஐயத்துக்கு இடமின்றி எழுதுகிறார். ஆனால் அது பெலாஸ்கோ தம் நினைவிலிருந்து சொன்னது. வழக்கின் மையமான அச்சுப்படி, பாரன் வெளியிட்ட ‘கலிப்சோ சாங்ஸ் ஆஃப் தி வெஸ்ட் இண்டீஸ்’, 1943 ஆம் ஆண்டினது. மெட்டு மார்டினிக் தீவின் நாட்டுப்பாட்டிலிருந்து வந்தது என்றொரு கருத்து நிலவுகிறது. பிரதிவாதிகளோ மெட்டின் மூலமாக ‘கிங் ஜாஜா’ என்ற பாட்டைக் காட்டினர். மேற்கு ஆப்பிரிக்காவின் ஓபோபோ நாட்டு அரசர் ஜாஜாவை ஆங்கிலேயர் 1888 இல் செயின்ட் வின்சென்ட்டுக்கு நாடுகடத்தினர். 1891 இல் சிறிது காலம் பார்படோஸில் இருந்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் இறந்தார். அவரைப் பற்றிய அந்த வேடிக்கைப் பாட்டு பார்படோஸில் இன்றும் அறியப்படுகிறது. பெலாஸ்கோ பிறந்த இடமாகக் கூறப்படுவதும் பார்படோஸே. இதை வைத்து அவர் மெட்டை அங்கிருந்து பெற்றார் எனச் சொல்வது மிகை. 1890களில் தீவுகளுக்கிடையே உலவிய ஒரு மெட்டைப் பெலாஸ்கோ செப்பம் செய்தார் என்பது, அவரே முழுதும் புதிதாகப் படைத்தார் என்பதைவிட ஏற்கத்தக்கது. மார்டினிக்கா பார்படோஸா என்பதை இச்சான்றுகள் கொண்டு தீர்க்க இயலாது.

தீர்ப்புகளுக்குப் பின்னும் பாட்டின் பதிப்புரிமை ஆம்ஸ்டர்டாம் தரப்பிலேயே தங்கியது. இசைத்தட்டுத் தொகுப்புகளை இனிப் பதிப்பிப்போர் சொற்களுக்கு இன்வேடர் பெயரை முதலில் இடவேண்டும். மெட்டுக்குப் பெலாஸ்கோ பெயரை இட்டு, 1906 என்பதை அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறியோடு தருவதே முறை.