அடுப்பிலிருந்து மேசைக்கு வந்த மரம்

இலையுதிர் காலத்தைத் திருப்பூர் மக்கள் கண்ணால் கண்டதைவிடக் கையால் தைத்ததே மிகுதி. பழுப்பும் செம்மஞ்சளுமான இலைகள் அச்சிட்ட பனியன்கள் இங்கே கோடை வெயிலில் தைக்கப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன. நம் மலைக்காடுகள் இலை உதிர்ப்பதோ பனிக்காலத்தை எதிர்நோக்கியன்று. மாசி, பங்குனி வறட்சியில். ஆகவே, சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் இளம்பெண்கள் சிலர் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மேலைநாட்டுக் காட்டின் வடிவில் ஒரு கேக் செய்ய முனைந்தபோது, பெரியவர் ஒருவர், "நமக்கேது சாமி இந்தக் காடு?" என்று நம்மிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. விடை தேடி வரலாற்றைச் சற்றே புரட்டினோம்.

மேலைநாட்டாருக்கே அந்த மரம் முதலில் தின்பண்டமாக இருக்கவில்லை, விறகாகத்தான் இருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய இரவில் பெரிய மரக்கட்டை ஒன்றை வீட்டுக் கணப்பிலிட்டு எரிப்பது ஐரோப்பாவின் பல பகுதிகளில் வழக்கம். தென் பிரான்சின் புரோவான்சு நாட்டில் அது கனி தரும் மரமாக இருத்தல் வேண்டும். வீட்டின் முதியவரும் இளையவரும் அதனைச் சேர்ந்து சுமந்து வருவர். மும்முறை திராட்சை இரசம் தெளித்து நெருப்பிலிடுவர். எஞ்சிய கரித்துண்டு இடியிலிருந்து வீட்டைக் காக்கும் என்று நம்பினர்.

19ஆம் நூற்றாண்டில் இரும்பு அடுப்புகள் பரவின. பெரிய கணப்புகள் மறைந்தன; கட்டையை வைக்க இடமில்லாது போயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு அடுமனைக்காரர்கள் அதனைக் கேக்காக வார்த்தெடுத்தனர். மெல்லிய தகடாகச் சுட்ட கேக்கைச் சூடு தணியுமுன் துணியோடு சுருட்ட வேண்டும், ஆறவிட்டால் வெடித்துவிடும். பின்னர் விரித்து, பசை தடவி, மீண்டும் சுருட்டுவர். ஒரு முனையைச் சாய்வாக வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டினால் கிளை. மேலே சாக்லெட் பூசி முள்கரண்டியால் கீறினால் மரப்பட்டை. முட்டை வெண்கருவும் சர்க்கரையும் அடித்துச் சுட்டவை காளான்கள். தூவிய சர்க்கரை, உறைபனி.

நம் பக்கத்திலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்று, 1880இல் தலைச்சேரியில் அடுமனை நிறுவியவர் மாம்பள்ளி பாபு. 1883இல் பிரவுன் என்னும் தோட்டக்காரத் துரை, இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைச் சுவைக்கக் கொடுத்து, அதுபோல் செய்யச் சொன்னார். மாகியிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படியும் கூறினாராம். பாபுவோ முந்திரிப் பழமும் கதலிப் பழமும் கொண்டு காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். அச்சினைத் தருமடத்துக் கொல்லரிடம் அடித்து வாங்கினார் என்பர். உண்டு மகிழ்ந்த துரை மேலும் ஒரு டஜனுக்குச் சொல்லிவிட்டாராம். அவர் கிறிஸ்தவரும் அல்லர் என்பதை நாம் நினைவிற்கொள்வது நல்லது.

இவற்றைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "அப்படியானால் பனங்கட்டையாகச் செய்யட்டும்" என்றார்! பெண்கள் அவ்வாறே செய்தனர். சுருட்டுவதற்குத் துணி தேட வேண்டியதில்லை, இது திருப்பூர். பசையில் கருப்பட்டி சேர்ந்தது. மட்டை உதிர்ந்த வடுக்களை வளையம் வளையமாகக் கீறியவள், பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் பெண். அந்த வடுக்கள் நம் கண்ணுக்கு மெய்யான பனையாகவே தோன்றின.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, புரோவான்சு வழக்கத்தை நினைந்து, அப்பெரியவரையும், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் சிறுவனையும் சேர்ந்து கத்தியைப் பிடிக்கச் சொன்னோம். வடுக்களைக் கீறிய பெண் மட்டும் அங்கில்லை. மறுநாள் லாரி ஏற வேண்டிய சரக்குக்காக அவளை இரவு வேலைக்கு நிறுத்திவிட்டனர். எங்கோ வரப்போகும் வசந்தத்துக்கான உடுப்புகள். பெரியவர் ஒரு துண்டை வாழையிலையில் மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காலை ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி வாசலுக்குத் தாமே போய்க் கொடுத்துவிட்டு வந்ததாக, அவள் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது.