கல்நாரும் 40 வருஷமும்

திருச்சி ஜங்ஷன்ல தஞ்சாவூர் ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷன் பொன்மலை. நாகப்பட்டினத்துல இருந்த ரயில்வே பணிமனை 1928-ல இங்க வந்தது. பல தலைமுறை ஆட்கள் இங்க நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்தாங்க.

அந்தக் காலத்துல உலகம் முழுக்க, கொதிகலனோட சூடு வெளியே போகாம இருக்க ஆஸ்பெஸ்டாஸைத்தான் போர்த்துவாங்க. தமிழ்ல கல்நார். ரிப்பேர்னா அதைப் பிய்க்கணும். பறக்கிற இழை கண்ணுக்குத் தெரியாது. மூச்சோட போய் நுரையீரல்ல தங்கிடும்.

1955-ல ரிச்சர்ட் டால் இங்கிலாந்தின் ராச்டேல் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைக் கணக்கை வெளியிட்டார். 20 வருஷமோ அதுக்கு மேலயோ வேலை செய்த 113 பேர். நுரையீரல் புற்றுநோய்ல ஒருத்தர் இறந்திருந்தா அது வழக்கமான கணக்கு. இறந்தது 11 பேர்.

சிக்கல் என்னன்னா, நோய் தெரிய 20, 30 வருஷம் ஆகும். அதுக்குள்ள அவர் ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்துல பேரனோட இருப்பார். இருமலுக்குப் போனா, "சிகரெட் உண்டா?"ன்னு கேட்பாங்க. "என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்கிறது அபூர்வம். ரெண்டும் சேர்ந்தா ஆபத்து இன்னும் பல மடங்கு.

அதனாலதான் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், இல்ல ஓய்வுக்குப் பின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைக்கச் சொன்னது.

உங்க தாத்தா எஞ்சின் பக்கம் வேலை பார்த்தவரா? டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்க சொல்லிடுங்க.