உண்மையின் இடத்துப் பணியாளர்

எகிப்து என்றதும் நம் மனக்கண்முன் எழுவன பிரமிட்டுகளே. அவற்றைக் கட்டியவர்களைப் பற்றியன்று, அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த ஒரு சிற்றூராரைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

நைல் நதியின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, வறண்ட மலைகளுக்கிடையே தெயிர் எல் மெதினா என்னும் இடம் உண்டு. சுற்றிலும் மதில், உள்ளே ஏறக்குறைய எழுபது வீடுகள். குடிநீரும் கழுதைமேல் ஏற்றியே கொண்டுவரப்பட்டது. கி. மு. 1500 அளவில் தோன்றி ஏறக்குறைய 400 ஆண்டுகள் நிலைத்த இவ்வூரில், அரசர் பள்ளத்தாக்கிலே கல்லறை குடைந்த கல்வெட்டுநரும் ஓவியரும் எழுத்தரும் மனைவி மக்களோடு வாழ்ந்தனர். ‘உண்மையின் இடத்துப் பணியாளர்’ என்றே தம்மை அவர்கள் அழைத்துக்கொண்டனர்.

பிரெஞ்சு அறிஞர் பெர்னார் புருயேர் 1922 முதல் 1951 வரை இங்கு அகழ்வு நடத்தினார். கற்சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் எழுதிய குறிப்புகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்துள்ளன. இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டுக்குரிய வரவுப் பதிவொன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. தேள் கொட்டியதால் ஒருவர் வரவில்லை. மது வடிக்க ஒருவர் நின்றுவிட்டார். பாடசாலை வரவுப் புத்தகத்தை நாள்தோறும் புரட்டிய எனக்கு இதைப் படித்தபோது நகை எழாமல் இல்லை.

இவர்களுடைய தெய்வங்கள் யாவர்? கர்ணக் பெருங்கோயிலின் கருவறை எளியோருக்குத் திறக்கவில்லை. ஆதலின், இறந்த அரசன் முதலாம் அமென்கொதேப்பையும் அவன் தாயையும் ஊர்க்காவல் தெய்வங்களாக்கி வணங்கினர். திருவிழாவில் அரசனின் சிலையைச் சுமந்து வருவர். வழக்குடையோர் அதன்முன் நின்று வினவுவர். சிலை முன்னே அசைந்தால் ஆம்; பின்னே நகர்ந்தால் இல்லை. சிலையைச் சுமந்தோரும் அவ்வூர்த் தொழிலாளரே! களவெடுத்தவன் யார் என்ற ஊர்ப்பேச்சு அவர்கள் செவிக்கும் எட்டாமலா இருந்திருக்கும்? அத்தீர்ப்பில் தெய்வத்தின் பங்கு எவ்வளவு, அயலாரின் பங்கு எவ்வளவு என்று பிரித்தல் எளிதன்று.

ஊருக்கு மேலே உயர்ந்து நின்ற மலைமுடி அவர்களுக்கு மெரெத்செகர் என்னும் நாகதேவி. ‘மௌனத்தை விரும்புபவள்’ என்பது அப்பெயரின் பொருள். நெபெரபு என்னும் தொழிலாளி தான் நாட்டிய கல்லிலே, நன்மை தீமை அறியாது அத்தேவிக்குப் பிழை செய்ததாகவும், அவள் தண்டித்ததாகவும், மன்றாடியபின் இரங்கியதாகவும் எழுதிவைத்தான். அவனே மற்றொரு கல்லில், தாஹ் என்னும் தெய்வத்தின் பெயரால் பொய்ச்சத்தியம் செய்தமையால் பகலிலே இருளைக் கண்டதாகக் கூறுகின்றான். கண் பார்வையே மங்கியதோ, உள்ளத்தின் இருளோ என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. விளக்கொளியிலும் கற்றூளிலும் வேலை செய்தோருக்குக் கண்ணோய் வருதல் வியப்பன்று. ஆயினும் நான் வியப்பது வேறொன்று. அரசரின் கல்வெட்டுகள் வெற்றியையே முழங்குகின்றன. தன் குற்றத்தைத் தானே கல்லில் எழுதி ஊரறிய நாட்டியவன் ஒரு கூலியாள்.

பக்தியுடையோர் என்பதற்காக அவர்கள் பசியைப் பொறுத்திருந்தனர் என எண்ணவேண்டா. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி. மு. 1157 அளவில், கூலித் தானியம் வராமையால் வேலையை நிறுத்தி, அரசர் கோயில்களுக்குச் சென்று அமர்ந்தனர். வரலாறு பதிந்துள்ள வேலைநிறுத்தங்களுள் இதுவே முதலாவது என்பர்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் வாழ்ந்த செனெஜெம் என்பானின் கல்லறை 1886இல் கண்டெடுக்கப்பட்டது. அதன் சுவரிலே மறுமை உலகத்து வயல் தீட்டப்பட்டிருக்கின்றது. வெண்ணிற ஆடையணிந்த செனெஜெம் அரிவாளால் கதிர் அறுக்கின்றான். மனைவி பின்னே கதிர் பொறுக்கி வருகின்றாள். வாழ்நாளெல்லாம் அரச களஞ்சியம் அளந்து கொடுத்த தானியத்தை எதிர்பார்த்திருந்தவன் அவன்.