கல்கத்தா வீதியிலே ஒரு சித்திரக்காரர்

கம்பெனி ஆட்சியில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர்களின் முகத்தோற்றத்தை அறிய விரும்புவோர்க்கு எண்ணெய் வண்ணப் படங்கள் பல உள. அவர்தம் பல்லக்கைச் சுமந்தவனின் முகம் எவ்வாறிருந்தது? அதனையும் வரைந்து வைக்க முனைந்த ஐரோப்பியர் மிகச் சிலரே. அவருள் முன்னிற்பவர், நாம் பிழைக்க வந்து குடியமர்ந்த இந்நகரிலேயே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பால்தசார் சால்வின்ஸ் ஆவார்.

ஆண்ட்வெர்ப் நகரில் 1760ஆம் ஆண்டு பிறந்த இவர், கப்பல்களையும் துறைமுகங்களையும் வரைந்து பழகியவர். 1791இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். சீமான்களின் உருவம் எழுதிப் பொருளீட்டும் பேறு இவருக்கு வாய்க்கவில்லை. பல்லக்கிற்கும் கோச்சு வண்டிக்கும் வர்ணம் தீட்டும் வேலையே கிடைத்தது. பல்லக்கை அலங்கரித்த கை, அதனைத் தூக்குவோரையும் வரையத் தலைப்பட்டது.

தெருவிற் செல்வோரையும் தொழில் செய்வோரையும் நேரிற் கண்டு எழுதி, 250 வண்ணச் செதுக்குப் படங்களாக வெளியிடப் போவதாக 1794இல் அறிவித்தார். 1796இலும் 1799இலும் அவை கல்கத்தாவிலேயே பிரசுரமாயின. முதற்பகுதியில் சாதிகளும் தொழில்களும் 66 படங்கள். அடுத்த பகுதியில் வீட்டு ஏவலாளர் 35 படங்கள். எசமானனுக்கு உக்கா சித்தம் செய்பவன்கூட அங்கே தனியே ஒரு தாள் முழுதும் நிற்கிறான்! மக்களைச் சாதி வரிசையில் அடுக்கிப் பார்க்கும் அக்கால ஐரோப்பியரின் ஆசை இவரிடமும் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் இவர் வரைந்த மனிதர் தரையிற் காலூன்றி நிற்பவர். சுற்றிலும் அவரவர் தொழிற்களம் இருக்கும். பயணச்சீட்டு ஜன்னலில் அமர்ந்து நாளெல்லாம் கைகளை மட்டுமே காண்கின்ற நம்மனோர்க்கு, முகத்தை நிமிர்ந்து நோக்கிய இவரது பொறுமை பெரிதாகவே தோன்றும்.

வாங்குவோர்க்கு அப்படங்கள் சுவைக்கவில்லை. வண்ணம் மங்கல், உருவம் முரடு என்றனர். 1804 முதல் இலண்டனில் எட்வர்டு ஓர்ம் என்பார் அவற்றுள் அறுபதைத் தழுவி, முகங்களை மெருகேற்றி, அழகுபடுத்தி, ஆசிரியர் இசைவின்றியே அச்சிட்டார். அவை நன்கு விலைபோயின! வேடிக்கை என்பதா, கொடுமை என்பதா? சால்வின்ஸ் மனம் கொதித்தார். தாமே மீண்டும் செப்புத் தகட்டிற் செதுக்கி, மனைவியின் செல்வத்தைச் செலவிட்டு, 1808 முதல் 1812 வரை பாரிசில் நான்கு பெருந்தொகுதிகளாக 288 படங்களை வெளியிட்டார். நெப்போலியன் காலப் போர்களுக்கிடையே அவ்விலையுயர்ந்த நூலை வாங்குவோர் அரியராயினர். கைப்பொருள் கரைந்தது. பின்னர் ஆண்ட்வெர்ப் துறைமுக அதிகாரியாகி, 1824இல் காலமானார்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2004இல், ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இப்படங்களைத் திரட்டி விரிவான நூலொன்று இயற்றினார். படங்களின் கீழே தொழிற்பெயரும் சாதிப்பெயருமே காணப்படுகின்றன. உக்கா ஏந்தியவனை அவன் தாய் எப்பெயரிட்டு அழைத்தாளோ, அதனைச் சால்வின்ஸும் எழுதி வைக்கவில்லை.